பெரகலைச் சந்தியில் வியாபாரம் இல்லை

எங்கள் கடை நன்றாக ஓடியதா இல்லையா என்பது எனக்குப் பல வருஷம் தெரியாது. இத்தனைக்கும் அந்தக் கடையில் ரொட்டிக்கு மாவு பிசைந்தவள் நான். சம்பலுக்குத் தேங்காய் துருவியதும் நான், எச்சில் கோப்பை கழுவியதும் நான். புருஷனுடைய கடை ஓடுகிறதா படுத்துவிட்டதா என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி இருப்பாளா என்று கேட்பீர்கள். இருந்தேனே, என்ன செய்வது.

கடை பெரகலைச் சந்தியில் இருந்தது. அப்புத்தளையிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிற பஸ்கள் அங்கே நிற்கும். அங்கிருந்து ஒரு பாதை கொழும்புக்குப் போகும், இன்னொன்று வெல்லவாயப் பக்கம் இறங்கும். சந்தியில் மூன்றே கடைகள். எங்களுடையது தேத்தண்ணிக் கடை. அடுத்தது ஒரு முஸ்லிம் நானாவின் பலசரக்கும் துணியும். மூன்றாவது ஒரு சிங்கள முதலாளியின் காய்கறி விற்கிற மரக்கறிக் கடை. மூன்றுக்கும் பலகைச் சுவர், தகரக் கூரை. கச்சான் காற்றுக் காலத்தில் கூரை பறந்துவிடாமல் தகரத்தின்மேல் கல் ஏற்றி வைத்திருப்போம். தண்ணீர் வேண்டுமென்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள பீலிக்குப் போகவேண்டும்.

நான் சந்திக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிக்கிறவர். தோட்டத்தில் ஒன்று கேட்டால் அதற்குப் பதில் சொல்வோம். மலையில் கொழுந்து கிடக்கிறதா என்று கங்காணி கேட்டால் கிடக்கிறது என்போம், இல்லையென்றால் இல்லை என்போம். பொய் சொல்லி என்ன பிரயோசனம், தராசு காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் கடைக்கு வாழ வந்தேன்.

வந்த வாரமே ஒரு லொறிக்காரர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே இவரிடம் கேட்டார். "என்ன மொதலாளி, யாவாரம் எப்படி?"

"எங்கங்க! ஒண்ணுமில்ல. ஏதோ பொழுது போகுது."

பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். அது என் கண்ணில் படவில்லை, அவர் சொன்னதுதான் காதில் விழுந்தது. படுத்துப்போன கடைக்கா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று அன்று முழுக்கக் குமைந்தேன். செலவைக் குறைப்போம் என்று அரை ரொட்டியோடு எழுந்துவிட்டேன்.

பிறகு அடைமழை வந்தது. மேலே எங்கேயோ மண் சரிந்து பஸ் ஓடாத நாட்கள். கடைக்குள் ஒரு குருவி வரவில்லை. பீலிக்கு வந்த ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். "பரவாயில்லீங்க, ஆண்டவன் படியளக்குறான்" என்றார் இவர், பல்லெல்லாம் தெரிய. நான் உள்ளே போய் மாவு டின்னைத் திறந்து பார்த்தேன். அடி தெரிந்தது.

சரி, பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். இல்லை என்றால் இருக்கிறது, இருக்கிறது என்றால் இல்லை. கொஞ்ச நாளில் அதுவும் பொய்த்துப்போனது. கூட்டம் நெருக்கும்போதும் இல்லை என்றார், ஆளே இல்லாதபோதும் இல்லை என்றார். நானாவும் அப்படித்தான். பெருநாளைக்கு முதல் நாள் துணி வாங்க ஆட்கள் முண்டியடிக்கும்போது, "ஈ ஓட்டிட்டு இருக்கோம்" என்பார். மரக்கறி முதலாளி பேசவே மாட்டார். உதட்டைப் பிதுக்குவார், அது இரண்டு பாஷைக்கும் பொது.

கண் பட்டுவிடும் என்ற பயம்தான். வடைத் தட்டைப் பழைய பத்திரிகையால் மூடி வைப்பார் இவர். குவியலாக ஒருவர் கண்ணிலும் விழக்கூடாது. ஒருநாள் ஆசையாக, "இன்னைக்கு நல்ல யாவாரம், இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "வாய வைக்காத புள்ள" என்று பதறி, உப்பையும் மிளகாயையும் அள்ளிக் கடையைச் சுற்றி அடுப்பில் போட்டார். கட்டின பெண்டாட்டியின் கண்ணே கடைக்குப் பட்டுவிடுமாம். எனக்குக் கோபமான கோபம். ஆனால் அந்த மிளகாய் நெருப்பில் கிடந்தும் துளி நெடி வரவில்லை. "பாத்தியா, எவ்வளவு கண்ணுன்னு?" என்றார்.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருந்தது. தோட்டத்து ஜனங்களில் ஒரு பங்கை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்ட காலத்தில், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, இவர் தன் அண்ணனோடு சேர்ந்து இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணன் குடும்பம் கப்பலேறிப் போய்ச் சேர்ந்துவிட்டது. இவருடைய முறை இன்று வரும், நாளை வரும் என்று இருந்தது. என் அப்பாவோ அதற்கெல்லாம் முன்னாலேயே இலங்கைப் பிரஜாவுரிமை வாங்கி வைத்திருந்தார். அதனால் நான் இந்த நாட்டுக்காரி. ஒரே வீட்டில் ஒருத்தி இருக்கவேண்டியவள், ஒருவர் போகவேண்டியவர். அவர் போனால் நானும் பின்னாலேயே போகவேண்டியதுதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் போக விருப்பமில்லை. அப்பாவும் அம்மாவும் மேலே லயத்தில் இருந்தார்கள். இந்தியாவுக்குப் போனால் யாருடைய வீட்டு மூலையில் என்னை உட்கார வைப்பார் என்றும் தெரியாது. அதைச் சொன்னால், "இப்பவா போறோம், வேலயப் பாரு" என்பார். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால், "போற ஆளுக்குக் கூரை எதுக்கு" என்பார். காலையில் ஒரு பேச்சு, பின்னேரம் ஒரு பேச்சு. நாங்கள் இருக்கிறோமா போகிறோமா என்பதும், கடை ஓடுகிறதா இல்லையா என்பதும் எனக்கு ஒரே குழப்பமாகக் கலந்துவிட்டன.

அப்படியிருக்கையில்தான் அபிவிருத்தி ஐயா வந்தார். ஆட்சி மாறி, சீனியும் மாவும் மறுபடி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக் கச்சேரியில் உத்தியோகம், மாவட்டத்துக்கே அதுதான் பெரிய அரசாங்கக் கந்தோர். வாய்க்கு வாய் அபிவிருத்தி என்று சொன்னதால் சந்தியில் அதுவே பெயராகிவிட்டது. மெலிந்த மனிதர். எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் நேரத்திலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார்.

மூன்று கடைக்காரர்களையும் கூப்பிட்டு, எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினார். அரசாங்கம் உதவப்போவது புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு இல்லை. ஏற்கனவே நடக்கிற கடைகள் மூடிப்போகாமல், இருக்கிற இடத்திலேயே நிலைத்து வளரவேண்டும். அதற்குத்தான் திட்டம். கிராமசபை சந்தியில் கல் கட்டடம் கட்டும். கடைக்குள்ளேயே குழாய்த் தண்ணீர் வரும். பெரிய அடுப்பு, கண்ணாடி அலுமாரி வாங்க பாங்கில் கடனுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் என்று கேட்டதும் நான் உள்ளே வாளியைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார் ஐயா. "வியாபாரம் எப்பிடிப் போகுது?"

கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"எங்கங்க ஐயா" என்றார் இவர். "ஒண்ணுமில்ல."

"ஈ ஓட்டிட்டு இருக்கோம் சேர்" என்றார் நானா.

மரக்கறி முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

"சனம் வாறதில்லையோ?"

"யாருங்க வாறா? முந்தி வருவாங்க. இப்ப ஒருத்தரும் இல்லீங்க."

இவர் சொல்லி வாய் மூடவில்லை, பதுளை பஸ் வந்து நின்றது. அரை பஸ் ஆட்கள் இறங்கிக் கடைக்குள் திமுதிமுவென்று வந்தார்கள். "மொதலாளி, நாலு பிளேன்டீ!" "அண்ணே, ரொட்டி இருக்கா?" இவர் காலால் வடைக் கூடையை மேசைக்குக் கீழே தள்ளிக்கொண்டே, "இவங்கெல்லாம் சும்மா மழைக்கு ஒதுங்குறவங்க ஐயா" என்றார். வெளியே நல்ல வெயில்.

ஐயா வெயிலையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தேன். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கடை உண்மையிலேயே ஓடுகிறதா என்று எனக்கே தெரியாதே, எந்த இரண்டு வார்த்தையைச் சொல்வது?

கொஞ்ச நாளில் கிராமசபைப் பக்கமிருந்து செய்தி வந்தது. பெரகலைச் சந்தியில் வியாபாரம் இல்லை என்று கடைக்காரர்களே சொல்லிவிட்டதால், திட்டம் வேறொரு சந்திக்குப் போகப்போகிறதாம். மூன்று பேருக்கும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"சொன்னா அப்படியே நம்பிட்றதா?" என்றார் இவர்.

"யாராவது யாவாரம் இல்லண்டு சொன்னா, இருக்குண்டுதானே அர்த்தம்?" என்றார் நானா. "அது கூடத் தெரியாத ஆள எப்படிக் கச்சேரியில வெச்சிருக்காங்க?"

அவர்களுக்கு உண்மையிலேயே மனவருத்தம். இவ்வளவு காலம் ஒருவருக்கொருவர் இல்லை இல்லை என்று சொல்லி, ஒருவரும் நம்பாமல், எல்லோரும் எல்லாம் புரிந்துகொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து நம்பித் தொலைத்துவிட்டார். இவர்கள் எல்லோருக்கும் புரிந்தது எனக்கு மட்டும் ஏன் புரியவில்லை என்று நான் யோசித்தேன். ஒருவேளை நானும் வெளியாள்தான் போலிருக்கிறது.

நானா பதுளைக்குப் போய் எப்படியோ பேசி, ஐயாவை இன்னொரு தடவை வரச் சம்மதிக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. வாயால் சொல்லத் தைரியமில்லாதவர்கள் கண்ணால் காட்டிவிடுவோம் என்று முடிவு பண்ணினார்கள். தோட்டம் தோட்டமாக ஆள் அனுப்பி, ஞாயிறு எல்லோரும் சந்திக்கு வாங்க, தேத்தண்ணி சும்மா என்று சொல்லிவிட்டார்கள். சும்மா என்றால் யார் வரமாட்டார்கள்? திருவிழா தோற்றது. சந்தியில் பஸ் திருப்ப இடமில்லை. என் அம்மாகூட லயத்து ஜனத்தோடு இறங்கி வந்து, "என்னடி இது, கல்யாணமா?" என்று கேட்டார். நான் விடியற்காலையில் தொடங்கி மாவு பிசைந்து பிசைந்து தோள் விட்டுப்போய் நின்றேன். நானாவின் கடையில் ஒருவர் வாங்கின சீத்தைத் துணியையே இன்னொருவர் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா ஜீப்பிலிருந்து இறங்கி, மஃப்ளரை அவிழ்த்துவிட்டு, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்வளவு நல்லாப் போகுதே! உங்களுக்கு ஏன் எங்கட உதவி? நாங்கள் தள்ளாடுற கடையை எல்லோ தாங்கவேணும்."

இவருக்கு உயிர் போய் வந்தது. "ஐயோ இல்லீங்க ஐயா, இதெல்லாம் நாங்களா வரச்சொன்னது. வழமையா ஒருத்தரும் வர்றதில்லீங்க."

"அப்ப வியாபாரம் இல்லையோ?"

"இருக்குங்க. ஆனா இல்லீங்க."

ஐயா நெற்றியைத் தடவிக்கொண்டார். "எனக்கு விளங்கேல்லை" என்றார். கோபமாக இல்லை, பாவமாகத்தான் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. இந்தச் சந்தியில் என் கட்சி ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை அவர் சொல்லாமல் வந்தார். சாதாரணக் கிழமை நாள், பனிமூட்டம் கடை வாசல்வரை வந்திருந்தது. இவர் சாமான் எடுக்க அப்புத்தளைக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். ஐயா பெஞ்சில் உட்கார்ந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்கோ. இந்தக் கடை நடக்குதோ, இல்லையோ?"

நான் அடுப்படிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். இவர் என்னிடம் கடையைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, நான் எதை வைத்துச் சொல்வது? அப்போது ஒன்று தோன்றியது. வாழ வந்த புதிதில் ஒரு தாச்சிச் சட்டி மாவு பிசைந்தால் பொழுதுக்கும் காணும். இப்போது பகல் பஸ்ஸுக்கு முன்னாலேயே இரண்டாவது தாச்சிக்குக் கை வைக்கிறேன். மத்தியானம் இன்னொன்று. யாரோ தின்னாமலா போகிறது? இத்தனை வருஷம் என் தோள்பட்டைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

"நடக்குதுங்க ஐயா" என்றேன். "நல்லா நடக்குது."

சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தேன். கல் உருளவில்லை.

"அப்ப ஏன் அவர் இல்லையெண்டு சொல்லுறார்?"

"கண்ணு பட்டுரும்னுதாங்க."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். "எங்கட வீட்டிலை அப்புவும் இப்பிடித்தான். புகையிலை நெஞ்சளவுக்கு நிக்கும், ஆரும் கேட்டா இந்த முறை அழிஞ்சுபோச்சு எண்டுவார். நான் உத்தியோகத்துக்கு வந்து எல்லாத்தையும் மறந்துபோனன்."

பிறகு அவர் ஒழுங்காக விளக்கினார். நடக்கிற கடைதான், ஆனால் இந்தப் பலகையும் தகரமும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எழுதிப் பெரகலைக்கே கட்டடத்தை எடுத்துத் தருவார். ஆனால் கடையைப் பொறுப்பெடுக்கிறவர் இந்த நாட்டுப் பிரஜையாக இருக்கவேண்டும். இங்கேயே இருந்து கடையை விடாமல் நடத்துவேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். நான் இவருடைய இந்தியா விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப உங்கட பேரிலை எடுக்கலாம்" என்றார். "நீங்கள் இருப்பியள்தானே?"

கடை இருக்குமா என்று கேட்டால் இருக்கும் என்று சொல்லிவிடலாம். நான் இருப்பேனா என்றால்? அடுத்த கிழமை பத்திரத்தோடு வருகிறேன், இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஐயா போனார்.

இவர் பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினார். சாக்கு மூட்டையை இறக்கி வைக்கும்வரை காத்திருந்துதான் சொன்னேன்.

"சொல்லிட்டியா?" என்றார். "நல்லா ஓடுதுன்னா சொன்ன?"

"சொன்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலை துடைக்கிற துவாயை எடுத்து மழையில் நனையாத முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் ஒண்ணு கேக்குறேன்" என்றேன். "ஊருக்குச் சொல்லவேணாம். நானாவுக்குச் சொல்லவேணாம். எனக்குச் சொல்லுங்க. இந்தக் கடை ஓடுதா, இல்லையா? அடுப்பில வேகுறவ நான். நீங்க ஒவ்வொரு நாளும் இல்லங்கிறப்ப எனக்கு வயிறு எரியுது. ஓடுதுன்னா இருப்போம். இல்லன்னா மூடிட்டுப் போவோம். எனக்கு ஒரே பைத்தியமா இருக்கு."

அவர் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஓடுது புள்ள" என்றார். "நல்லா ஓடுது. நான் நெனைச்சதவிட நல்லா ஓடுது."

"அப்புறம் என்ன? கண்ணு படும்னா பொண்டாட்டிகிட்டயும் இல்லன்னு சொல்லணுமா?"

"கண்ணு கெடக்கட்டும்." உட்கார்ந்திருந்த மூட்டையைக் கையால் தட்டினார். "இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் ஒரு நாளைக்கு விட்டுட்டுப் போக முடியும். ஓடுற கடைய எவனாச்சும் விட்டுட்டுப் போவானா?"

எனக்கு ஓவென்று வந்தது. இத்தனை நாளும் என்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவர்மேல் கோபப்படுவதா, அவர் அண்ணன்மேல் கோபப்படுவதா, எழுதிக் கொடுத்த அந்தப் பழைய நாளின்மேல் கோபப்படுவதா என்று தெரியாமல், கடைசியில் மூட்டையைத் திட்டினேன். நடுவழியில் போட்டிருக்கிறீர்கள், யார் தாண்டிப் போவது என்று. அவர் எழுந்து மூட்டையை இழுத்து ஓரமாக வைத்தார்.

அந்தக் கிழமை முழுக்க அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் வாசலில் நின்று சந்தியைப் பார்ப்பார். ஒருநாள் கூரையில் ஏறி ஒழுகுகிற இடத்தில் தார் பூசினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிவிடுவார் என்று பயம்.

ஐயா சொன்னபடி வந்தார். நானாவும் மரக்கறி முதலாளியும் தங்கள் கையெழுத்துகளைப் போட்டுவிட்டு எங்கள் கடைக்குள் வந்து நின்றார்கள். ஐயா பத்திரத்தை மேசையில் விரித்தார். பழக்க தோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டார். "எப்பிடி, வியாபாரம்?"

"நல்லா ஓடுதுங்க ஐயா" என்றார் இவர்.

நானா பதறிப்போய் "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்றார். மரக்கறி முதலாளிக்கு அவ்வளவு தமிழ் தெரியும். அவர் இவரை ஏதோ காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சந்தி தொடங்கின நாளிலிருந்து ஒரு கடைக்காரன் அப்படிச் சொன்னதில்லை.

இவர் நிறுத்தவில்லை. "எங்க கடைத் தேத்தண்ணிய குடிக்காம இந்தப் பாதையில பஸ் போகாதுங்க. அவ ரொட்டிக்குன்னே தோட்டத்துல இருந்து எறங்கி வாறாங்க. கல்லுக் கட்டடம் கட்டினா இன்னும் நல்லா ஓடும். நீங்க சொன்ன கண்ணாடி அலுமாரி எங்க வைக்கிறதுன்னுகூட நான் பாத்து வச்சிருக்கேன்." எங்கே வைப்பது என்று கையைக் காட்டினார். எனக்குத் தெரியவே தெரியாது, எப்போது பார்த்து வைத்தார் என்று.

பிறகு கையை இறக்கிக்கொண்டு கேட்டார். "ஐயா, கடைய இருக்க வைக்கிறீங்க. அதே மாதிரி என்னைய இருக்க வைக்க ஏதாச்சும் வழி இருக்குங்களா?"

ஐயா பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டார். மஃப்ளரைச் சரிசெய்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

"தம்பி, நடக்கிற கடையை நிக்க வைக்கிறதுதான் என்ர வேலை" என்றார். "ஆக்களின்ர விஷயம் வேற கந்தோர்."

இவர் பத்திரத்தையும் பேனாவையும் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"போடு புள்ள" என்றார். "கடையாவது இருக்கட்டும்."

நான் வேண்டியது இதுதானே? குழாய்த் தண்ணீர், கல் சுவர், இந்த ஊரிலேயே இருப்பது. எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அவர் போகிறபோது பின்னாலேயே போகமாட்டேன் என்று அர்த்தம். அதை எழுதச் சொல்லி அவரே பேனாவை நீட்டுகிறார். அவர் என்னை இருக்கச் சொல்கிறாரா, விட்டுவிடச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கடையைப் பற்றிக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அன்று எல்லாம் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல்தான் தாளைப் பார்த்தேன்.

போட்டேன்.

கட்டடம் எழும்பியது. குழாயில் தண்ணீர் வந்தது. பலகையில் என் பெயர். இவருக்கு வரவேண்டிய கடிதம் அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. இந்தியாவுக்கு ஆள் ஏற்றிப்போன கப்பலும் ஒரு நாள் நின்றுபோனது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. தபால்காரர் சைக்கிள் சந்தியில் திரும்பும்போதெல்லாம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நான் வாசலுக்கு வருவேன், எனக்கு முன்னால் அவர் வந்து நிற்பார். அந்தக் கல் சுவருக்குள் நாங்கள் வருஷக்கணக்காக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். நான் இருக்கிறவளாக, அவர் போகவேண்டியவராக.